ஒலி மென்பொருளின் உரிமக் கோப்பு: கோடம்பாக்கம் முதல் புதுவாயல் வரை

ஒலிப்பதிவுக் கூடத்தின் கணினியில் பிளக்-இன் எனப்படும் துணை மென்பொருளை நிறுவியதும் அது வேலை செய்யத் தொடங்கிவிடாது. இந்தக் கணினியில் இயங்க அதற்கு உரிமை உண்டு என்பதை முதலில் உறுதி செய்தாக வேண்டும். ஸ்டுடியோக்களில் இதை ‘ஆக்டிவேட் பண்ணுவது’ என்பார்கள். கணினியில் இணைய இணைப்பு இருந்தால் மென்பொருளே தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொண்டு அனுமதி பெற்றுவிடும். இணைப்பு இல்லாதபோது வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ ‘லைசென்ஸ் ஃபைல்’ எனும் சிறு கோப்பைத் தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து கையால் சேர்க்கவேண்டும். இந்த உரிமக் கோப்பு முறைக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. விற்ற பொருளின் சாவி விற்றவரிடம் இருக்கவேண்டுமா, வாங்கியவரிடம் இருக்கவேண்டுமா என்ற கேள்வியே அதன் மையம்.

தமிழகத்தில் இந்த வரலாற்றின் களம் சென்னையின் திரையிசைத் தொழில். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் ஆகிய இடங்களில் பிறந்த அத்தொழில் பிறகு நகரின் எல்லையைத் தாண்டியும் பரவியது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டைக்கு முன்பாக வரும் ஊர் புதுவாயல். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, ஊரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள். இதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில்தான் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானின் திரைப்பட வளாகமும் அமைந்திருக்கிறது. உரிமக் கோப்பு முறை பொறியியல் மென்பொருளில் வேரூன்றி, பிறகு இசை மென்பொருளுக்கு வந்தது. அந்த இரு துறைகளும் அடுத்தடுத்து நிற்கும் வட்டாரம் இது.

பூட்டு தேவைப்படாத காலம்

ஏவி.எம்., பிரசாத் போன்ற ஸ்டுடியோக்களின் ரெக்கார்டிங் தியேட்டர்களில் இசைக்குழு முழுவதும் ஒன்றாக அமர்ந்து வாசித்த காலத்தில் ஒலியைத் திருத்தும் கருவிகள் அனைத்தும் இரும்புப் பெட்டிகளாக இருந்தன. ஈக்வலைசர், கம்ப்ரஸர், எதிரொலி தரும் கருவி என ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி. அவற்றைப் படியெடுக்க முடியாது. பெட்டி யார் அறையில் இருக்கிறதோ அவரே அதைப் பயன்படுத்துவார். விற்பனையாளருக்கும் வாங்கியவருக்கும் இடையில் உரிமம் குறித்த கேள்வியே எழவில்லை.

1980-களில் நிலை மாறத் தொடங்கியது. இசைக் கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி முறை 1983-இல் வந்தது. 1985-இல் வெளியான அடாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்பு உள்ளேயே பொருத்தப்பட்டிருந்ததால் உலகெங்கும் இசைக்கலைஞர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். தமிழ்த் திரையிசையும் பின்தங்கவில்லை. 1986-இல் வெளிவந்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ ஆகிய படங்களில் இளையராஜா கணினி வழி இசையைப் பயன்படுத்தினார். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற கூடத்தைத் தொடங்கினார். 1992-இல் வந்த ‘ரோஜா’வின் இசை அங்கே உருவானது. பெரிய தியேட்டர்களின் வேலையை ஒரு வீட்டு அறையில் செய்ய முடியும் என்று அப்படத்தின் வெற்றி நிரூபித்தது. கீபோர்ட் புரோகிராமர் என்ற தனித் தொழிலும் இந்த மாற்றத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

டாங்கிள் என்ற முதல் சாவி

கருவி மென்பொருளாக மாறியதும் அதைப் படியெடுப்பது எளிதாயிற்று. ஒரு ஃபிளாப்பியிலிருந்து இன்னொரு ஃபிளாப்பிக்கு நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்டைன்பெர்க் நிறுவனமும், அதே நாட்டைச் சேர்ந்த சி-லேப் நிறுவனமும் தங்கள் மென்பொருளோடு ஒரு சிறிய வன்பொருளையும் சேர்த்து விற்றன. அதன் பெயர் டாங்கிள். அடாரியின் பக்கவாட்டில் உள்ள கார்ட்ரிட்ஜ் துளையில் அதைச் செருகினால்தான் மென்பொருள் இயங்கும். ஸ்டைன்பெர்க்கின் புரோ-24, 1989-இல் வந்த கியூபேஸ், சி-லேப்பின் நோட்டேட்டர் ஆகியவை இப்படியே விற்கப்பட்டன.

டாங்கிளின் நன்மை அதன் எளிமை. சாவி வாங்கியவர் கையில் இருந்தது. கணினி மாறினாலும் சாவியை எடுத்துப் புதிய கணினியில் செருகலாம். யாரையும் கேட்கவேண்டியதில்லை. அதன் குறை, தொலைந்தாலோ உடைந்தாலோ மென்பொருளும் கூடவே போய்விடும் என்பது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய டாங்கிள் சென்னையில் பழுதானால் மாற்றுச் சாவி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த மென்பொருளில் இருக்கும் பாடல் வேலை நின்றுபோகும்.

பிளக்-இன் பிறந்த கதை

அமெரிக்காவின் டிஜிடிசைன் நிறுவனம் 1989-இல் சவுண்ட் டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்பு அமைப்பையும், 1991-இல் புரோ டூல்ஸையும் வெளியிட்டது. இஸ்ரேலைச் சேர்ந்த வேவ்ஸ் நிறுவனம் 1992-இல் க்யூ10 என்ற ஈக்வலைசரை அறிமுகம் செய்தது. தனியாக இயங்காமல், வேறொரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் செருகப்பட்டு இயங்கும் துணை நிரல் அது. வணிக அளவில் விற்பனைக்கு வந்த முதல் ஒலி பிளக்-இன் என்ற இடம் அதற்கு உண்டு. 1996-இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட வி.எஸ்.டி. என்ற இணைப்பு முறை, எந்த நிறுவனமும் பிளக்-இன் எழுதலாம் என்ற வாசலைத் திறந்தது. அடுத்த ஆண்டில் குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் வந்தது. பத்தாண்டுகளுக்குள் ஒரு பாடலின் மிக்ஸிங்கில் பல நிறுவனங்களின் பிளக்-இன்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் நிலை உருவானது.

ஒவ்வொரு பிளக்-இன்னுக்கும் ஒரு டாங்கிள் என்றால் கணினியில் துளைகள் போதாது. அதனால் ‘கீ டிஸ்க்’ என்ற முறை வந்தது. மென்பொருளோடு வரும் தனி ஃபிளாப்பியில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உரிமங்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். நிறுவும்போது அதிலிருந்து ஓர் உரிமம் வன்தட்டுக்கு நகரும். முறையாக நீக்கினால் உரிமம் ஃபிளாப்பிக்குத் திரும்பும். வன்தட்டு திடீரெனப் பழுதானால் அதிலிருந்த உரிமமும் அழியும். ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்தாலோ காந்தப்புலம் பட்டாலோ மிச்சமிருந்ததும் போய்விடும். கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் ஃபிளாப்பியைப் பாதுகாப்பது எளிய வேலையாக இருக்கவில்லை. 1998-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐமேக் கணினியில் ஃபிளாப்பி டிரைவே இல்லை. ஸ்டுடியோக்கள் பெரிதும் நம்பியிருந்த மேக் கணினிகளிலிருந்து ஃபிளாப்பி விலகத் தொடங்கியதும் கீ டிஸ்க் முறை முடிவுக்கு வந்தது.

கேள்வி எண்ணும் பதில் எண்ணும்

அடுத்து வந்தது ‘சேலஞ்ச்–ரெஸ்பான்ஸ்’ முறை. மென்பொருள் திரையில் நீண்ட எண்ணும் எழுத்துமாக ஒரு கேள்வியைக் காட்டும். அந்தக் கணினிக்கே உரிய அடையாளத்திலிருந்து அது உருவானது. வாங்கியவர் அதைத் தொலைநகலிலோ மின்னஞ்சலிலோ தயாரிப்பாளருக்கு அனுப்புவார். அங்கிருந்து வரும் பதில் எண்ணைத் தட்டச்சு செய்தால் மென்பொருள் திறக்கும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனாலும் தொலைபேசிக் கம்பி வழியே வந்த அந்த இணைப்பு மிக மெதுவானது. 2004-இல் இந்திய அரசு அகலப்பட்டைக் கொள்கையை அறிவித்தபோதுகூட விநாடிக்கு 256 கிலோபிட் என்பதே அகலப்பட்டைக்கான குறைந்தபட்ச வேகமாக வரையறுக்கப்பட்டது. ஆகவே முதல் பத்தாண்டுகளில் ஸ்டுடியோக் கணினி ஓரிடத்திலும் இணையக் கணினி வேறிடத்திலும் இருப்பதே வழக்கம். ஒரு கணினி கேட்கும் கேள்விக்கு இன்னொரு கணினியில் விடை பெற்றுவரும் பழக்கம் அப்போதே உருவானது.

இதில் ஒரு பெரிய சிரமம் இருந்தது. கேள்வியும் பதிலும் நீண்ட எழுத்துச் சரங்கள். சுழியத்தையும் ஆங்கில ‘ஓ’வையும் மாற்றி எழுதிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பதிலை எண்ணாகத் தராமல் கோப்பாகத் தந்தால் இந்தத் தொல்லை நீங்கும். அந்தத் தீர்வு வேறொரு துறையில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.

பொறியியல் கூடத்திலிருந்து வந்த கோப்பு

இயந்திர வடிவமைப்பு, மின்சுற்று வடிவமைப்பு, கணிதச் சோதனை ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் 1980-களில் யுனிக்ஸ் கணினிகளில் இயங்கின. அவற்றின் விலை மிக அதிகம். பத்துப் பொறியாளர்கள் இருக்கும் அலுவலகத்தில் மூன்று உரிமங்களை மட்டும் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்த வழி தேவைப்பட்டது. அந்தத் தசாப்தத்தின் இறுதியில் வந்த ஃபிளெக்ஸ்-எல்.எம். என்ற உரிம மேலாண்மை மென்பொருள் அதைச் சாத்தியமாக்கியது. உரிமத்தின் விவரங்கள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் இருக்கும். எந்த மென்பொருள், எத்தனை பேர், எந்தத் தேதிவரை, எந்தக் கணினியில் என்பவை அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். கணினியின் அடையாளமாக ‘ஹோஸ்ட் ஐ.டி.’ குறிக்கப்படும். பெரும்பாலும் அது வலையட்டையின் எண். வடிவமைப்பு மென்பொருள் இயங்கும் தொழிற்கூடங்களிலும் பொறியியல் கல்லூரிக் கணினிக் கூடங்களிலும் இந்த முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

எழுத்துக் கோப்பு என்றால் யாரும் திறந்து திருத்தலாமே என்ற ஐயம் எழும். அதற்கான விடை கணிதத்தில் இருக்கிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் ஆகிய மூவரும் 1977-இல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறையில் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று இரகசியச் சாவி, மற்றது பொதுச் சாவி. தயாரிப்பாளர் உரிம விவரங்களை எழுதி, தன் இரகசியச் சாவியால் கையொப்பமிடுவார். மென்பொருளுக்குள் பொதுச் சாவி இருக்கும். அந்தக் கையொப்பம் சரியானதா என்று பொதுச் சாவியால் சோதிக்கலாம். ஆனால் புதிய கையொப்பத்தை உருவாக்க முடியாது. கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். பத்திரத்தில் பதிவாளரின் முத்திரை செய்யும் வேலையை இங்கே கணிதம் செய்கிறது.

இந்த அமைப்பில் ஒரு முக்கியமான விளைவு உண்டு. கையொப்பத்தைச் சோதிக்கத் தேவையான எல்லாமே பயனரின் கணினியில் இருக்கின்றன. கோப்பு கைக்கு வந்தபிறகு சர்வரை மறுபடி கேட்கவேண்டிய தேவை இல்லை. இணையம் போனாலும் நிறுவனத்தின் சர்வர் நின்றாலும் அந்தக் கணினியில் பிளக்-இன் தொடர்ந்து இயங்கும்.

ஒலித் துறையில் உரிமக் கோப்பு

அமெரிக்காவின் யுனிவர்சல் ஆடியோ 2001-இல் யு.ஏ.டி.-1 என்ற அட்டையை வெளியிட்டது. பழைய இரும்புப் பெட்டிக் கருவிகளின் ஒலியை மென்பொருளாக மாற்றி, தன் சொந்த அட்டையில் மட்டும் இயங்கவைத்தது. ஒவ்வோர் அட்டைக்கும் உரிய கோப்பைத் தரவிறக்கி ஏற்றினால் வாங்கிய பிளக்-இன்கள் திறக்கும். 2011-இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட பிளக்-இன் அலையன்ஸ், பல சிறு நிறுவனங்களின் பிளக்-இன்களை ஒரே உரிம முறையின்கீழ் கொண்டுவந்தது. இணையம் வழியாகவும், உரிமக் கோப்பைக் கையால் சேர்த்தும் ஆக்டிவேட் செய்ய அது இடம் தந்தது. கணினிக்குப் பதிலாகப் பென் டிரைவ் ஒன்றையே உரிமத்தின் இருப்பிடமாக வைக்கவும் முடிந்தது. வேவ்ஸ் நிறுவனமும் 2012-இல் வெளியிட்ட ஒன்பதாம் பதிப்போடு தனி வன்பொருள் சாவியைக் கைவிட்டு, கணினியிலோ சாதாரணப் பென் டிரைவிலோ உரிமத்தை வைத்துக்கொள்ள வழி செய்தது.

கையால் ஆக்டிவேட் செய்யும் நடைமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றே. ஸ்டுடியோக் கணினியில் பிளக்-இன்னைத் திறந்தால் ஆக்டிவேஷன் சாளரம் வரும். அதில் கணினியின் அடையாள எண் இருக்கும். வன்தட்டு, வலையட்டை போன்ற உறுப்புகளின் எண்களைக் கணக்கிட்டுச் சுருக்கியதே அது. சில மென்பொருள்கள் அந்த எண்ணை ஒரு கோரிக்கைக் கோப்பாகச் சேமித்துத் தரும். அதை இணையம் உள்ள கணினிக்கு எடுத்துச்சென்று, தயாரிப்பாளரின் தளத்தில் வாங்கியவரின் கணக்கில் நுழைந்து, புதிய சாதனமாகப் பதிவு செய்யவேண்டும். தளம் உரிமக் கோப்பை உருவாக்கித் தரும். அதைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஆக்டிவேஷன் சாளரத்தில் இழுத்து விட்டாலோ, குறிப்பிட்ட ஃபோல்டரில் வைத்தாலோ வேலை முடிந்தது.

தவறுகள் நேரும் இடங்களும் தெரிந்தவையே. அடையாள எண்ணைக் கையால் எழுதுவதைவிடக் கோப்பாக எடுப்பது பாதுகாப்பானது. உரிமக் கோப்பை எழுத்துத் தொகுப்பியில் திறந்து சேமித்தால் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் புகுந்து கையொப்பம் செல்லாமல் போகலாம். கணினியின் கடிகாரம் தவறான ஆண்டைக் காட்டினால் காலவரையறை உள்ள உரிமம் மறுக்கப்படும். தாய்ப்பலகையையோ வன்தட்டையோ மாற்றினால் கணினியின் அடையாளமே மாறிவிடும். ஆகவே சிஸ்டத்தை மாற்றுமுன் பழைய உரிமத்தை விலக்கி வைப்பது அனுபவமுள்ள சவுண்ட் இன்ஜினியர்களின் வழக்கம்.

அகலப்பட்டை எல்லா இடங்களுக்கும் வந்த பிறகும் இந்த முறை மறையாததற்குக் காரணங்கள் உண்டு. பாடல் வெளியாகும் முன் கசிந்துவிடக்கூடாது என்பதால் பல கூடங்கள் மிக்ஸிங் கணினியை இணையத்தோடு இணைப்பதில்லை. தானாக நிறுவப்படும் புதுப்பிப்புகள் வேலையின் நடுவே பிளக்-இன்களின் ஒத்திசைவைக் கெடுத்துவிடும் என்பதும் ஒரு காரணம். நகருக்கு வெளியே அமைந்த படப்பிடிப்பு வளாகங்களிலும் வெளியூர்க் கச்சேரி மேடைகளிலும் இணைப்பை எப்போதும் நம்ப முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் தாக்கியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல பகுதிகளில் நாட்கணக்கில் தடைபட்டன. ஜெனரேட்டரில் மின்சாரம் வந்துவிடும். இணையத்தை அப்படி வரவழைக்க முடியாது. அத்தகைய நாட்களில் உரிமம் கணினிக்குள்ளேயே இருந்தால்தான் வேலை நடக்கும்.

மற்றச் சாவிகளின் கதை

உரிமக் கோப்பு மட்டுமே வழியாக இருந்ததில்லை. 2000-களின் தொடக்கத்தில் பேஸ் நிறுவனம் கொண்டுவந்த ஐலாக், பல நிறுவனங்களின் உரிமங்களை ஒரே யு.எஸ்.பி. சாவியில் சேர்த்தது. புரோ டூல்ஸ் இயங்கும் கூடங்களில் அது இன்றியமையாத பொருளாயிற்று. ரகுமான் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் லாஜிக் மென்பொருளுக்கும் ஒரு யு.எஸ்.பி. சாவி இருந்தது. லாஜிக்கை உருவாக்கிய ஈமேஜிக் நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கியது. 2007-இல் வந்த எட்டாம் பதிப்பில் அந்தச் சாவி நீக்கப்பட்டது. ஸ்டைன்பெர்க் தன் ஈ-லைசென்ஸர் சாவியை நெடுநாள் வைத்திருந்து, 2022-இல் வெளியான கியூபேஸ் 12-இலிருந்து கைவிட்டது. அந்தச் சாவிக்கான சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. உரிமத்தைப் புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளும்படி பயனர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

நிறுவனம் மூடப்பட்டாலோ கைமாறினாலோ பயனரின் உரிமம் என்னாகும் என்ற கவலைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஆல்கெமி என்ற புகழ்பெற்ற சிந்தசைசர் பிளக்-இன்னை உருவாக்கிய கேமல் ஆடியோ 2015 ஜனவரியில் மூடப்பட்டது. ஆப்பிள் அதை வாங்கியிருந்தது. வாங்கியவர்கள் தங்கள் மென்பொருளைத் தரவிறக்க அவ்வாண்டு ஜூலை வரையே அவகாசம் தரப்பட்டது. நிறுவும் கோப்பையும் உரிமத்தையும் சேமித்து வைத்தவர்களே அதன்பிறகு அவற்றைப் பயன்படுத்த முடிந்தது.

2010-களில் மாதச் சந்தா முறை வலுப்பெற்றது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மட்டும் மாறுவதாக அறிவித்தது. உலகெங்கும் ஒலிப் பொறியாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். சில நாட்களிலேயே நிறுவனம் நிரந்தர உரிமத்தையும் மீண்டும் விற்பதாக அறிவித்தது. ஒருமுறை விலை கொடுத்தால் கருவி தனக்குச் சொந்தம் என்ற எண்ணம் இரும்புப் பெட்டிக் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதை அந்த எதிர்ப்பு காட்டியது.

சட்டம் சொல்வது

பூட்டுகளின் வரலாற்றோடு அவற்றை உடைப்பதன் வரலாறும் சேர்ந்தே வருகிறது. மென்பொருளின் விலை டாலரில் இருந்தது. வெளிநாட்டுச் செலாவணிக் கட்டுப்பாடுகள் 1990-களில் இறுக்கமாக இருந்தன. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழி செய்த தாராளமயத் திட்டத்தை ரிசர்வ் வங்கி 2004-இல்தான் அறிவித்தது. இந்தச் சூழலில் பூட்டுடைத்த பிரதிகள் பரவின. அவை வைரஸையும் நிலையின்மையையும் கூடவே கொண்டுவந்தன. வேலையின் நடுவே செயலிழக்கும் பிளக்-இன்னுக்கு உதவி கேட்க யாரும் இல்லை. ஒரு பிளக்-இன்னை எழுதியவரின் உழைப்பும் பாடலை இசைத்தவரின் உழைப்பும் ஒரே மதிப்புடையவை. பாடல் திருட்டை எதிர்க்கும் இசைத்துறை மென்பொருள் திருட்டையும் அதே கண்ணோடு பார்ப்பதே நியாயம்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல்கள் 1984 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டன. 1994 திருத்தம் 63-பி பிரிவைக் கொண்டுவந்தது. திருட்டுப் பிரதி எனத் தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகை செய்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65-ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு முறையாக வாங்கியவருக்கும் பாதுகாப்பு தருகிறது. இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிராக நிரலின் காப்புப் பிரதியை அவர் வைத்துக்கொள்ளலாம்.

பழைய செஷன்களும் பழைய உரிமங்களும்

நாடாவில் பதிவான பாடலை நாடாக் கருவி இருந்தால் கேட்கலாம். கணினியில் உருவான பாடலின் செஷன் அப்படிப்பட்டதில்லை. அதில் குரல், வாத்தியப் பதிவுகளோடு எந்தப் பிளக்-இன் எந்த அளவில் வைக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். அந்தப் பிளக்-இன் இன்று திறக்காவிட்டால் பாடலின் அன்றைய மிக்ஸிங்கை மீட்க முடியாது. 1990-களிலிருந்து சென்னையில் உருவான திரையிசையின் பெரும்பகுதி இப்படிப்பட்ட செஷன்களிலேயே இருக்கிறது. புதிய ஒலி வடிவங்களுக்காகப் பழைய படங்களை மறுபடி மிக்ஸ் செய்யும் வழக்கம் பெருகும் காலத்தில் இது தொழிலின் முக்கியமான கவலை.

இதற்குக் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு எளியது. ஒவ்வொரு பாடலும் முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் பிளக்-இன்னின் விளைவோடு தனி ஒலிக்கோப்பாக எடுத்துவைக்கவேண்டும். நிறுவும் கோப்பு, பதிப்பு எண், உரிமக் கோப்பு, அது எந்தக் கணினிக்கு உரியது என்ற குறிப்பு ஆகியவற்றை இரண்டு இடங்களில் சேமிக்கவேண்டும். பழைய கணினியைக் கழிக்குமுன் அதன் உரிமங்களை விலக்கி, புதியதற்கு மாற்றவேண்டும். வாங்கும்போதே இணையமின்றி ஆக்டிவேட் செய்ய வழி உண்டா, நிறுவனம் நின்றுபோனால் உரிமம் நிற்குமா என்று கேட்டறிவது நல்லது.

டாங்கிள் தொலையக்கூடியது. கீ டிஸ்க் அழியக்கூடியது. சர்வர் ஒருநாள் நிறுத்தப்படக்கூடியது. உரிமக் கோப்புக்கும் கணினியின் ஆயுள் என்ற எல்லை உண்டு. ஆயினும், அந்த எல்லைக்குள் தயாரிப்பாளரின் உரிமையையும் பாதுகாத்து, வாங்கியவர் யாரையும் எதிர்பார்க்காமல் வேலை செய்யவும் விடும் முறை அதுவே. படியெடுக்கவும் காப்பில் வைக்கவும் எளிதான ஒரே சாவியும் அதுதான். இணையவழி அனுமதி எவ்வளவு பரவினாலும் கையால் ஆக்டிவேட் செய்யும் வழியையும் மூடாமல் வைத்திருப்பது தயாரிப்பாளர்களின் கடமை. அந்த வழியை அறிந்து ஒழுங்காகப் பேணுவது ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களின் பொறுப்பு.